வீட்டிலிருந்தே அலுவலக கம்ப்யூட்டரை இயக்கலாம்

நண்பரின் ஆடிட்டர் அலுவலகத்தில் ஐந்து கம்ப்யூட்டர்கள். அவற்றைக் கவனிக்கும் வேலை என்னுடையது. ஜிஎஸ்டி 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாளான 20ஆம் தேதி இரவில்தான் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் மக்கர் செய்யும். ஒவ்வொரு முறையும் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடி அலுத்துப்போய், வீட்டிலிருந்தே பார்க்க வழி தேடினேன்.

முதலில் விண்டோஸிலேயே உள்ள ரிமோட் டெஸ்க்டாப். இதில் இரண்டு சிக்கல்கள். விண்டோஸ் ஹோம் பதிப்பிலிருந்து மற்ற கம்ப்யூட்டரை இயக்கலாம். ஹோம் பதிப்பு உள்ள கம்ப்யூட்டரை வெளியிலிருந்து இயக்க முடியாது. ஐந்தில் மூன்று ஹோம்! அடுத்து, நாம் நுழைந்தவுடன் அங்கே திரை பூட்டிக்கொள்ளும். ஊழியருக்கு எதையும் காட்டிக்கொடுக்க முடியாது.

இதைவிடப் பெரிய தவறு நான் செய்தது. வெளியிலிருந்து நுழைவதற்காக ரௌட்டரில் 3389 என்ற போர்ட்டைத் திறந்து வைத்தேன். இரண்டு நாள் கழித்து ஈவன்ட் வியூவரைப் பார்த்தால், 4625 என்ற எண்ணில் வரிசையாகப் பதிவுகள். தவறான பாஸ்வேர்ட் கொடுக்கப்பட்டால் பதிவாகும் எண் இது. யாரோ விடாமல் முயன்றிருக்கிறார்கள். உள்ளே இருப்பதோ வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் கணக்கும். அன்றே போர்ட்டை மூடினேன். 2019ல் விண்டோஸ் 7, எக்ஸ்பி போன்ற பழைய பதிப்புகளில் தெரியவந்த புளூகீப் என்ற ஓட்டைக்குப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

டீம்வியூவர், எனிடெஸ்க் ஆகியவற்றுக்குப் போர்ட் திறக்க வேண்டியதில்லை. இரு கம்ப்யூட்டர்களும் அந்நிறுவனத்தின் சர்வர் வழியாக இணைகின்றன. ஆனால் டீம்வியூவர் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம். அலுவலக வேலை என்று சந்தேகம் வந்தால் இணைப்பைத் துண்டித்துவிடும். அலுவலகத்துக்கு லைசென்ஸ் வாங்குவதுதான் முறை. இன்னொன்று: போனில் யாராவது எனிடெஸ்க் போடச் சொல்லி எண் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்த வகை மோசடி பற்றி 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது.

விண்டோஸ் 10, 11ல் உள்ள குயிக் அசிஸ்ட் இலவசம்தான். ஆனால் எதிர்முனையில் ஒருவர் உட்கார்ந்து, நாம் தரும் குறியீட்டை உள்ளிட்டு அனுமதிக்க வேண்டும். இரவில் யார் இருப்பார்கள்?

கடைசியில் குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுத்தேன். ஹோம் பதிப்பிலும் இயங்குகிறது. ஆறு இலக்க பின் எண் போதும். அங்கே ஆள் தேவையில்லை. இதற்கென அலுவலகத்தின் பெயரில் தனி கூகுள் அக்கவுண்ட் தொடங்கி, இரண்டு அடுக்குச் சரிபார்ப்பையும் போட்டோம். என் சொந்த அக்கவுண்டில் வைத்தால், நாளை நான் விலகும்போது சாவியும் என்னோடு வந்துவிடும் அல்லவா? ஐம்பது கம்ப்யூட்டர் உள்ள இடத்துக்கு இது போதாது, ஐந்துக்குப் போதும்.

எந்த சாப்ட்வேரானாலும் கம்ப்யூட்டர் ஆன் ஆகி இருந்தால்தான் வேலை செய்யும். ஸ்லீப் வசதியை நிறுத்திவிடுங்கள். கரண்ட் போய் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் ஓர் அமைப்பு உண்டு. அதை மாற்ற மட்டும் மீண்டும் பைக்கில் போக வேண்டியிருந்தது.