கலெக்டர் பங்களா விடுதியான கதை

அரக்கோணத்துக்காரனுக்குக் கடல் தூரம், ரயில் பக்கம். 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குப் போட்ட இருப்புப்பாதை இவ்வழியே வந்ததனால்தான் நம் ஊர் பெயர் பெற்றது. ரயிலால் வளர்ந்த ஊரைச் சேர்ந்த நான், சென்ற விடுமுறையில் ரயிலால் தேய்ந்த ஊர் ஒன்றைப் பார்த்து வந்தேன். அதுதான் தரங்கம்பாடி.

1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உரிமை பெற்று டேனிஷ்காரர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டையை வரலாற்று மாணவர் அனைவரும் அறிவர். சீகன்பால்கு 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டதும் இவ்வூரில்தான். ஆனால் நான் எழுத வந்தது கோட்டைக்கு அருகே, கடலைப் பார்த்தபடி நிற்கும் ஒரு வெள்ளை மாடி வீட்டைப் பற்றி.

1845-இல் ஆங்கிலேயர் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12½ இலட்சம் ரூபாய்க்கு வாங்கினர். தஞ்சை ஜில்லாவின் தலைமையிடம் இங்கே வந்தது. கலெக்டர் குடியிருந்தது இந்த வீட்டில்தான். அகன்ற தாழ்வாரம், வரிசையாகத் தூண்கள். அதிகாரம் கடற்காற்று வாங்கிய இடம்!

அந்த வாழ்வு 15 ஆண்டுகளே. 1860-இல் தலைமையிடம் தஞ்சைக்குப் போயிற்று. 1861-இல் நாகப்பட்டினத்தில் ரயில் ஓடத் தொடங்கியது. கப்பல்காரர் எங்கே போவார்? சரக்கை ரயிலில் ஏற்றக்கூடிய துறைக்குத்தானே! தரங்கம்பாடித் துறை ஓய்ந்தது. 1926-இல் மாயவரத்திலிருந்து ஒரு கிளைப்பாதை வந்தது. 1986-இல் அதுவும் நின்றது.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நீம்ரானா என்னும் நிறுவனம் பங்களாவைப் பழுது பார்த்துத் தங்கும் விடுதியாக்கியது. அறைகளுக்கு அந்நாளில் இங்கு வந்துபோன டேனிஷ் கப்பல்களின் பெயர்களைச் சூட்டினார்கள்.

“கலெக்டர் வீடு பணக்காரர் விடுதியானால் நமக்கென்னடா?” என்றான் உடன் வந்த நண்பன். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. அங்கே ஓரிரவு தங்க நம்மைப் போன்றோர் கைக்காசு போதாது. ஆனால் அடுத்த தெருவில் கூரையிழந்து, சுவரில் ஆலங்கன்று முளைத்த ஒரு பழைய வீட்டைக் கண்டதும் என் வாய் அடைத்தது. பங்களாவிலோ சுண்ணாம்பு மின்னுகிறது. கதவுகள் திறந்து மூடுகின்றன. ஆள் புழங்காத வீட்டைக் கடற்காற்றின் உப்பு சும்மா விடுமா?

நண்பன் இன்னும் ஒப்பவில்லை. பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருநாளாவது உள்ளே விடவேண்டும் என்கிறான். அது நியாயந்தான்.

ரயில் பிடிக்க மயிலாடுதுறை வரை பேருந்தில் நின்றுகொண்டே வந்தோம்.