மண்டகப்பட்டு வானத்தில் ஓர் ஒளிமுகில்

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே இருக்கிறது மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி, பாறையை மட்டுமே குடைந்து மும்மூர்த்திகளுக்கும் கோயில் எடுத்ததாக ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் கல்லில் எழுதிவைத்த ஊர். அந்தக் குகைக்கோயிலின் துவாரபாலகர்களை வியந்து நிற்கிற நாம், பாறைக்கு மேலே விரிந்த வானத்தை எத்தனை முறை அண்ணாந்து பார்த்திருப்போம்?

அந்த வானில், திருவோண விண்மீனுக்கு வடக்கே எம் 27 என்ற ஒளிமுகில் இருக்கிறது. 1764-இல் சார்ல் மெசியே கண்டறிந்தது. மனிதர் கண்ட முதல் கோள் நெபுலா இதுவே. சூரியனைப் போன்ற ஒரு விண்மீன், எரிபொருள் தீர்ந்த முதுமையில், மேலாடையைக் களைவதுபோல் தன் புறவாயுவை வெளியே விட்டுவிட்டது. நடுவே எஞ்சியது லட்சம் டிகிரியைத் தாண்டிய வெப்பமுடைய ஒரு சின்னஞ்சிறு வெண்குறுமீன். அதன் புற ஊதாக் கதிர் பட்டு வாயு முழுவதும் ஒளிர்கிறது. நம் உடம்பிலுள்ள கார்பனில் ஒரு பங்கு, இப்படித் தம்மை இறைத்துவிட்டுப் போன பழைய விண்மீன்கள் தந்ததுதான்.

சிறிய தொலைநோக்கியில் கண்வைத்தால் சாம்பல் நிறப் புகைதான் தெரியும். கண்ணுக்கு ஒளியைச் சேர்த்துவைக்கத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்து, தொலைநோக்கியைத் தாங்கும் மவுண்ட் மெல்ல மெல்லத் திரும்ப, நிமிடக்கணக்கில் ஷட்டர் திறந்திருக்க, துளித்துளியாய் ஒளி வந்து சேர்கிறது. ஒற்றைப் படத்தில் புள்ளிப்புள்ளியாய் இரைச்சலே மிகுதி. பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இரைச்சல் அடங்கி, நீலப்பச்சை மேலெழுகிறது. விளிம்பில் ஹைட்ரஜனின் செம்மை படர்கிறது.

அந்தப் பச்சைக்கு ஒரு வரலாறு உண்டு. 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ் இன்னொரு கோள் நெபுலாவில் அந்தப் பச்சை நிறமாலைக் கோட்டைக் கண்டார். அது பூமியில் இல்லாத புதிய தனிமத்தின் கோடு என்றே அறிஞர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். 1927-இல் ஐரா போவன் விடை கண்டார்: அது ஆக்சிஜன். நாம் இந்த நொடியில் மூச்சாய் இழுக்கும் அதே ஆக்சிஜன், இரண்டு எலக்ட்ரான்களை இழந்து, அணுவுக்கு அணு வெகு தொலைவாய்ப் பரந்து கிடக்கும்போது மட்டுமே காட்டுகிற நிறம்! வெறுமையையும் இவ்வளவு அழகாக வகுத்துவைத்த பேரறிவை என்னென்பது!

இன்று நம் கேமராவில் விழும் அந்த ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் ஆகின்றன. அப்போது காஞ்சியில் பல்லவர் ஆட்சி. மண்டகப்பட்டுக் குகை குடையப்பட்டு ஒரு நூற்றாண்டுதான் கடந்திருந்தது.

சித்திரை அமாவாசையை ஒட்டிய இரவுகளில், விடியலுக்கு முன் எம் 27 நம் தலைக்கு மேலே உயர்ந்து நிற்கும். தெருவிளக்கில்லாத இடத்தில், நல்ல பைனாகுலரிலேயே மங்கலாய்த் தெரியும். பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.