நேரத்துக்கு வந்தவர் ஏன் காத்திருக்கிறார்?

பழவங்காடியில் குடியிருப்பவர்களுக்குத் தம்பானூர் ரயில் நிலையம் நடந்து போகிற தூரம்தான். விடியற்காலையில் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைபடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தால், வண்டி வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடலாம். அதனால் ஊரிலிருந்து உறவினர் யார் வந்தாலும் அழைத்து வர என்னைத்தான் அனுப்புவார்கள். போதாக்குறைக்கு நான் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரன். இறங்குகிறவர் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் ஒன்றுதான்: "பேட்டை வரைக்கும் கரெக்டா வந்துட்டு, அங்கே போட்டுட்டாங்க சித்தப்பா!"

தாமதமாக வந்தவர் காத்திருந்தால் அது நியாயம். நேரத்துக்கு வந்தவர் எதற்காகக் காத்திருக்க வேண்டும்? தண்டவாளப் பகுதியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இது ரயிலுக்கு மட்டுமான சங்கதி அல்ல என்பது போகப் போகப் புரியும்.

வண்டி தடையில்லாமல் ஓடினால் ஆகும் நேரத்தை அப்படியே கால அட்டவணையில் போடுவதில்லை. வழியில் பாதை வேலை, வேகக் கட்டுப்பாடு என்று சில நிமிடங்கள் போகும் என்று கணக்கிட்டு, கொஞ்சம் கூடுதல் நேரமும் சேர்ப்பார்கள். அதில் ஒரு நல்ல பங்கை கடைசி நிலையத்துக்குச் சற்று முன்னால் வைப்பது வழக்கம். தடங்கல் இல்லாமல் வந்த வண்டிக்கு அந்த நிமிடங்கள் மிச்சமாகிவிடும். ஆனால் தம்பானூரில் இருப்பது ஐந்து பிளாட்பாரம். அவற்றில் இன்னொரு வண்டி நின்றால், ஒழுங்காக வந்த வண்டி சிக்னலுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

தெற்கே நாகர்கோவில், கன்னியாகுமரி பக்கம் போனால் கதை வேறு. 1979-ல் திறந்தபோது அந்தப் பாதை ஒற்றைப் பாதை. இரட்டைப் பாதைப் பணி பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக வரும் இரண்டு வண்டிகள் ஏதாவது ஒரு நிலையத்தில்தான் ஒன்றையொன்று கடக்க முடியும். முதலில் வந்த வண்டி பக்கத்துத் தடத்தில் ஒதுங்கி நிற்கும். எதிர் வண்டி அரைமணி தாமதம் என்றால், இதுவும் அரைமணி நிற்கும்.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் இதற்கு டோக்கன் முறை இருந்தது. இரண்டு நிலையங்களிலும் ஒன்றோடொன்று இணைந்த கருவிகள் இருக்கும். உலோகக் குண்டு ஒன்றை வெளியே எடுத்துவிட்டால், அது மறுமுனைக் கருவிக்குள் போகும்வரை இன்னொன்றை எடுக்க முடியாது. அந்தக் குண்டைத் தோல் பையில் போட்டு, வளையத்தில் மாட்டி டிரைவர் கையில் கொடுப்பார்கள். குண்டு கைக்கு வராமல் வண்டி நகராது. இந்தக் காத்திருப்பில் யாரையும் குறை சொல்ல முடியாது. அது உயிரைக் காக்கும் காத்திருப்பு.

ஆனால் தாமதத்துக்கு ஒரு குணம் உண்டு. அது பரவும். இதை நான் கற்றுக்கொண்டது தண்டவாளத்தின் ஓரத்தில்தான்.

பழைய தண்டவாளத்தை மாற்ற வேண்டுமானால், அந்த இடத்தில் வண்டி ஓடாமல் நிறுத்தி வைக்க அனுமதி வாங்க வேண்டும். அதற்கு 'லைன் பிளாக்' என்று பெயர். காலை பத்து முதல் பன்னிரண்டு வரை பிளாக் என்றால், ஒன்பதரைக்கே கடப்பாரை, ஜாக்கி, புதுத் தண்டவாளம் எல்லாவற்றோடும் ஆட்கள் தயாராக நிற்பார்கள். ஒருநாள் முன்னால் போக வேண்டிய வண்டி வரவில்லை. பத்து, பத்தரை, பதினொன்று. வெயில் ஏறியது. "சாரே, பிளாக் எப்போ கிட்டும்?" என்று மேஸ்திரி கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் கிடைத்தது நாற்பது நிமிடம். பாதி வேலைதான் முடிந்தது. அந்த இடத்தில் வண்டிகள் மெதுவாகப் போக வேண்டும் என்று வேகக் கட்டுப்பாடு போட்டுவிட்டு வந்தோம். மறுநாள் நேரத்துக்கு வந்த வண்டிகள்கூட அங்கே ஊர்ந்து போய்த் தாமதமாயின.

ஒரு வண்டியின் தாமதம் எங்கள் இருபது பேருடைய தாமதமாகி, மறுநாள் எத்தனையோ பயணிகளின் தாமதமாகிவிட்டது. ஆனால் ஒன்பதரைக்கே வந்து நின்ற ஆட்களின் ஒழுங்கு யாருக்கும் போய்ச் சேரவில்லை. முன்கூட்டி வந்த அரைமணியை யாருக்கும் கொடுக்க முடியாது. தாமதமாக வந்த அரைமணியை எல்லாருக்கும் கொடுத்துவிடலாம்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கும் உண்டு. பத்துப் பேர் கூடும் கூட்டம். ஒவ்வொருவரும் பத்துத் தடவையில் ஒன்பது தடவை நேரத்துக்கு வருகிற நல்லவர்கள்தான். ஒருவருக்கும் மற்றவருக்கும் தொடர்பில்லை என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேரும் நேரத்துக்கு வந்துசேர்வது 100 கூட்டங்களில் சுமார் 35-ல்தான். எல்லாரும் வந்த பிறகே ஆரம்பிப்போம் என்றால், மூன்றில் இரண்டு கூட்டம் தாமதமாகத்தான் தொடங்கும். ஒருவர்கூடச் சோம்பேறி இல்லாமலேயே இது நடக்கும்!

பொதுவான நேரம் என்பதே ஓர் உடன்படிக்கைதான். நம் பத்மநாபசுவாமி கோயில் பக்கத்து மேத்தன் மணியைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் இங்கே இருக்காது. மணி அடிக்கும்போது இரண்டு ஆட்டுக்கடாக்கள் தாடிக்காரர் கன்னத்தில் முட்டுவதைக் குழந்தைகளுக்குக் காட்டாதவர் யார்? அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் நேரம் வேறு. ரயில் வந்த பிறகு அது சரிப்படவில்லை. முதலில் ரயில்கள் சென்னை நேரத்தைப் பின்பற்றின. 1906 ஜனவரி 1 முதல் இந்தியப் பொது நேரம் வந்தது. சூரியனைப் பார்த்தால் திருவனந்தபுரத்தின் நேரம் அதைவிட ஏறக்குறைய 22 நிமிடம் பின்தங்கியது. இருந்தாலும் நாம் எல்லாரோடும் சேர்ந்து ஒரே மணியைக் காட்டுகிறோம். அந்த உடன்படிக்கை இரு தரப்பையும் கட்டும். 2017 நவம்பரில் ஜப்பானில் ஒரு ரயில் 20 விநாடி முன்னதாகப் புறப்பட்டதற்கு அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 'எப்படியும் தாமதமாகத்தான் தொடங்கும்' என்று நாம் எத்தனை அழைப்பிதழ்களைப் பார்த்து நினைத்திருக்கிறோம்!

இத்தனை சொல்லும் நானும் தப்புச் செய்தவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் நம்மவர்கள் நடத்திய ஒரு விழாவில் மேடைப் பொறுப்பு எனக்கு. மாலை ஐந்து மணி என்று அழைப்பிதழ். ஐந்து மணிக்கு மண்டபத்தில் பதினெட்டுப் பேர். "கொஞ்சம் கூட்டம் சேரட்டும்" என்று சொன்னது நான்தான். தொடங்கும்போது மணி ஆறே கால்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் நாலரைக்கே வந்து உட்கார்ந்திருந்தார். பேத்தி குறள் சொல்வதைக் கேட்க பாறசாலைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்தவர். இடையில் என்னிடம் வந்து, "தம்பி, பாப்பா எப்போ சொல்லுவா? ஏழரைக்கு எனக்குப் பஸ்" என்றார். "இதோ, இப்போ வந்துடும் ஐயா" என்றேன். அவள் மேடையேறியபோது மணி எட்டு. பத்துக் குறளையும் பிழையில்லாமல் சொன்னாள். முன்வரிசையில் ஒரு நாற்காலியையே பார்த்துக்கொண்டு சொன்னாள். அதில் தாமதமாக வந்த வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

ஒற்றைப் பாதையில் எதிர் வண்டிக்காக நிற்பது வேறு. என் மேடைக்கு எதிரே எந்த வண்டியும் வரவில்லை. நானே நிறுத்தி வைத்தேன். வராதவர்களுக்கு மரியாதை செய்கிறேன் என்று, வந்தவரை அவமதித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சில வழக்கங்களை வைத்துக்கொண்டிருக்கிறேன். பதினெட்டுப் பேர் இருந்தாலும் அறிவித்த நேரத்தில் தொடங்குவது. குழந்தைகளின் நிகழ்ச்சியை முதலில் வைப்பது. சிறப்பு விருந்தினர் பேச்சு பிறகு. தவிர்க்க முடியாத தாமதமானால் காரணத்தையும் எத்தனை நிமிடம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவது. "இதோ இப்போ" என்ற பதிலை நான் விட்டுவிட்டேன்.

காத்திருந்து அலுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'நாமும் இனி தாமதமாகவே போவோம்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பதினெட்டுப் பேரும் அப்படி நினைத்தால், ஐந்து மணிக்கு விளக்கேற்ற ஆள் இருக்காது.