கிண்ணத்தில் வளரும் இனிப்பு நீர்

2023ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களுள் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர் உண்டு. மூன்று பெரிய இனங்களுள் இந்தியர்களிடையேதான் இந்நோய் மிக அதிகம். ஆகவேதான் 'பாகற்காய் இரத்தச் சீனியைக் குறைப்பது ஆய்வுக்கூடத்தில் உறுதி' என்பது போன்ற செய்தி நம் வீடுகளில் வேகமாகப் பரவுகிறது. மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாறு குடிப்போரும் நம்மிடையே உண்டு. 'ஆய்வுக்கூடத்தில்' என்ற அந்த ஒரு சொல்லின் பொருளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் உண்டதும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அது தசை, கொழுப்பு உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் அமர்ந்ததும், உள்ளே ஒரு செய்தித் தொடர் ஓடுகிறது. அதன் முடிவில் குளுட்-4 என்னும் புரதம் உள்ளிருந்து சவ்வுக்கு வந்து சேர, அதன் வழியே குளுக்கோஸ் நுழைகிறது. இன்சுலின் இருந்தும் இத்தொடர் மந்தமாகிவிடுவதே இன்சுலின் எதிர்ப்பு. 'எதிர்ப்பு' என்றாலும் உயிரணு போர் தொடுப்பதில்லை. கூப்பிட்டது காதில் விழாத நிலை, அவ்வளவுதான்.

இதை ஆராய நோயாளியின் தசையை நாள்தோறும் வெட்டியெடுக்க இயலாது. எனவே கிண்ணத்தில் வளரும் உயிரணு வரிசைகள் பயன்படுகின்றன. 1968இல் டேவிட் யாஃபே எலியின் தொடைத் தசையிலிருந்து எல்6 வரிசையை உருவாக்கினார். 1970களில் ஹோவர்ட் கிரீன் குழுவினர் சுண்டெலிக் கருவிலிருந்து 3டி3-எல்1 வரிசையைப் பெற்றனர். இது வியப்பானது. இன்சுலின், டெக்ஸாமெத்தசோன் முதலியவற்றை ஊற்றினால், மெலிந்து கிடந்த உயிரணுக்கள் பத்து நாள்களுக்குள் உருண்டு, கொழுப்புத் துளிகளால் நிரம்பிவிடுகின்றன.

பிறகு அவற்றை நோயுறச் செய்ய வேண்டும். நம் செம்பனை எண்ணெயில் மிகுந்திருக்கும் பால்மிட்டிக் அமிலத்தைச் சேர்ப்பது ஒரு வழி. அழற்சியை உண்டாக்கும் டி.என்.எஃப். ஆல்ஃபா புரதத்தைச் சேர்ப்பது இன்னொரு வழி. அடுத்து, கதிரியக்கக் குறியிட்ட டிஆக்சிகுளுக்கோஸைத் தருகிறார்கள். குளுக்கோஸ் போலவே உள்ளே செல்லும் இது, முழுதாகச் செரிக்கப்படாமல் அங்கேயே சிக்கிக்கொள்ளும். கதிரியக்கத்தை எண்ணினால் எவ்வளவு நுழைந்தது என்பது தெரிந்துவிடும். இன்சுலின் இட்டும் அந்த எண்ணிக்கை போதிய அளவு உயராவிட்டால், கிண்ணத்தில் இன்சுலின் எதிர்ப்பு வந்துவிட்டது எனலாம்.

இம்முறையின் பலத்தையும் எல்லையையும் டி.என்.எஃப். ஆல்ஃபாவின் கதையே காட்டுகிறது. பருத்த எலிகளின் கொழுப்பில் இப்புரதம் மிகுந்திருப்பதையும், அதை முடக்கினால் இன்சுலின் நன்கு வேலை செய்வதையும் 1993இல் புரூஸ் ஸ்பீகல்மன் குழுவினர் கண்டனர். ஏற்பியின் செய்தி இப்புரதத்தால் தடைபடுவதை அடுத்த ஆண்டே கொழுப்பு உயிரணுக்களில் காட்டினர். கிண்ணம் இல்லாமல் அந்தத் துல்லியம் கிடைத்திராது. ஆனால், 1996இல் வெளிவந்த ஆய்வொன்றில் இனிப்பு நீர் நோயாளிகளுக்கு இப்புரதத்தை முடக்கும் மருந்து செலுத்தப்பட்டபோது, இன்சுலின் செயல்பாட்டில் முன்னேற்றம் காணப்படவில்லை.

ஏன் இந்த இடைவெளி? கிண்ணத்தில் கல்லீரலும் இல்லை, குடலும் இல்லை, இரத்த ஓட்டமும் இல்லை. மேலும், பரவலாகப் பயன்படும் வளர்ப்பு ஊடகத்தில் குளுக்கோஸ் லிட்டருக்கு 25 மில்லிமோல். கிளினிக்கில் விரலைக் குத்திப் பார்க்கும் அதே அளவைதான். காலையில் வெறும் வயிற்றில் நமக்கு ஏறத்தாழ 5 இருந்தாலே போதும். அதாவது, 'நலமான' உயிரணுவே கடுமையான இனிப்பு நீர்ச் சூழலில்தான் வளர்கிறது! ஊற்றப்படும் இன்சுலினும் பல வேளைகளில் 100 நானோமோல், வெறும் வயிற்றில் இரத்தத்தில் இருப்பதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். நோயாளிகளின் தசையில் ஊசியால் சிறு துண்டு எடுத்து வளர்க்கும் முறை இதைவிட மேலானது என்பது என் கருத்து. அவ்வுயிரணுக்கள் பல வாரம் கிண்ணத்தில் வளர்ந்த பின்னும் தம் மந்தத்தை ஓரளவு தக்கவைத்துக்கொள்கின்றன.

இனி பாகற்காய்க்கு வருவோம். செய்தி பொய்யன்று. அதிலிருந்து பிரித்த சில சேர்மங்கள் எல்6, 3டி3-எல்1 உயிரணுக்களில் குளுட்-4ஐச் சவ்வுக்கு நகர்த்துவது 2008இல் காட்டப்பட்டது. ஆனால், அங்கே சென்றது தூய்மைப்படுத்திய சேர்மம். நேராக உயிரணுவின்மீது விழுந்தது. நாம் குடிக்கும் சாறோ வயிறு, குடல், கல்லீரல் ஆகியவற்றைக் கடந்தாக வேண்டும். மனிதர்களிடம் நடத்தப்பட்ட நான்கு ஆய்வுகளை மலேசிய ஆய்வாளர்கள் 2012இல் கோக்ரேன் தொகுப்பாய்வில் சீர்தூக்கிப் பார்த்தனர். மொத்தம் 479 பேர். இரண்டாம் வகை இனிப்பு நீருக்குப் பாகற்காயைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்பதே அவர்களின் முடிவு.