ஸ்ரீகாந்த் கொண்டபள்ளி

ஸ்ரீகாந்த் கொண்டபள்ளி சீன அரசியல், இராணுவம், வெளியுறவு ஆகியவற்றை ஆராய்ந்துவரும் இந்தியப் பேராசிரியர் ஆவார். புது தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சீன ஆய்வுப் பேராசிரியராகவும், பன்னாட்டு ஆய்வுப் புலத்தின் தலைவராகவும் பணியாற்றியவர்.

கல்வி

சீன ஆய்வில் முனைவர் பட்டம் பெற்ற இவர், பெய்ஜிங் மொழி, பண்பாட்டுப் பல்கலைக்கழகத்தில் சீன மொழி பயின்றார். 1996 முதல் 1998 வரை பெய்ஜிங்கிலுள்ள மக்கள் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வை மேற்கொண்டார். சீன நாளிதழ் ஒன்றைத் தடையின்றிப் படிக்கவே ஏறத்தாழ 3,000 எழுத்துகள் தெரிந்திருக்க வேண்டும். மொழி தெரியாதவர் பிறர் மொழிபெயர்த்துத் தருவதை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும்.

ஆய்வுப் பணி

1992 முதல் 2004 வரை தில்லியிலுள்ள பாதுகாப்பு ஆய்வு, பகுப்பாய்வு நிறுவனத்தில் பணியாற்றினார். அக்காலத்தில் சீன இராணுவம் பற்றிய நூலை 1999-இலும், சீனக் கடற்படை வலிமை பற்றிய நூலை 2001-இலும் வெளியிட்டார்.

சீன மக்கள் விடுதலைப் படை பொதுவுடைமைக் கட்சியின் தலைமைக்குக் கட்டுப்பட்டது. ஆகவே அந்நாட்டின் கட்சி அரசியல், இராணுவம், வெளியுறவு மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். இவருடைய ஆய்வுகளும் இம்மூன்றையும் தழுவியவை.

2004-இல் தைவானின் தைபே நகரிலுள்ள தேசிய செங்ச்சி பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியராக இருந்தார். பின்னர் சீனாவின் ஷான்டாங் பல்கலைக்கழகத்தில் மதிப்புறு பேராசிரியரானார். இவ்வாறு தைவான் நீரிணையின் இரு கரைகளிலும் பணியாற்றியுள்ளார்.

விருது

2010-இல் கே. சுப்பிரமணியம் விருது பெற்றார். திருச்சிராப்பள்ளியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற கே. சுப்பிரமணியம், மேற்கூறிய தில்லி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர்.

தமிழகத்துக்கு இவ்வாய்வின் தேவை

கடற்படை நூல் வெளிவந்த 2001-இல்தான் வடசென்னையின் எண்ணூர் துறைமுகம் (இன்றைய காமராசர் துறைமுகம்) செயல்படத் தொடங்கியது. சீனக் கடற்படையில் அப்போது விமானந்தாங்கிக் கப்பல் இல்லை. முதலாவது கப்பலான 'லியாவோனிங்' 2012-இல் சேர்க்கப்பட்டது. 2017-இல் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. 2022 ஆகஸ்டில் 'யுவான் வாங் 5' என்னும் சீனக் கண்காணிப்புக் கப்பல் அங்கு வந்து நின்றது. இராயபுரம் மீனவர்களுக்கும் எண்ணூர் துறைமுகத் தொழிலாளர்களுக்கும் வங்கக் கடலே வாழ்வாதாரம். எனவே இது தொலைதூர நாட்டுச் செய்தி மட்டும் அன்று.

நிலத்திலும் இதே நிலைதான். 2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தனர். எட்டே மாதங்களில், 2020 சூன் 15 அன்று, கல்வான் பள்ளத்தாக்கு மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த அவில்தார் பழனி. தலைவர்கள் கைகுலுக்கும் ஒரு நாளை மட்டும் கொண்டு இரு நாட்டு உறவை எடைபோட இயலாது. ஆண்டுக்கணக்கில் மூல ஆவணங்களைப் படித்து ஒப்பிடுவோர் அதற்குத் தேவை. சீன மொழியும் அரசியலும் கற்க விரும்பும் தமிழக மாணவர்களுக்கு இப்பேராசிரியரின் கல்விப் பயணம் ஒரு வழிகாட்டி ஆகும்.