சொல்லடைவுத் தரவுத்தளமும் கட்டளைவரிப் பேணலும்

சொல்லடைவு தொகுப்போர் பண்டு சீட்டுகளில் சொற்களை எழுதிப் பெட்டிகளில் அடுக்கினர். இன்று அவ்வடைவு கணினியின் தரவுத்தளத்தில் அமைகின்றது. சீட்டுகளைக் கரையான் அரியாது காத்தல் தொகுத்தார்க்குக் கடனாயினாற்போலத் தரவுத்தளத்தைப் பேணுதலும் அவர்க்குக் கடனாகும். அப்பேணலுள் தலையாயவை படைத்தல், உரிமை வகுத்தல், படியெடுத்தல், மீட்டல் என்னும் நான்குமாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பெர்க்கிலி வளாகத்தில் 1986இல் தொடங்கிய ஆய்வினின்று தோன்றி, 1996 முதல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என வழங்கும் மென்பொருளைக் கொண்டு அவற்றை ஈண்டு விளக்குவோம்.

முதலாவது படைத்தல். கட்டளைவரியில் 'கிரியேட்-டிபி' என்பதனைத் தளத்தின் பெயரோடு தட்டச்சிடின் தளம் உண்டாகும். ஆயின் தமிழாய்வார் ஒன்று கருதல் வேண்டும். யூனிகோடு குறியீட்டில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. குறியெண்வழியே அடுக்கின் வனம், வறுமை, வலி, வளி, வழி எனச் சொற்கள் வரும். நம் நெடுங்கணக்கின்படி வலி, வழி, வளி, வறுமை, வனம் என வருதலே முறை. 2022இல் வெளிவந்த 15ஆம் பதிப்பு முதல், ஐசியூ என்னும் நிரலகத்தையும் தமிழ் மொழியையும் படைக்கும் கட்டளையிலேயே தளம் முழுமைக்கும் குறிக்கலாம். அங்ஙனம் குறிக்குங்கால் 'டெம்ப்ளேட்0' என்னும் வார்ப்புருவை அடியாகக் கொள்க. படைத்தபின் தளத்தின் இயல்பு வரிசையை மாற்றவியலாது; புதுத்தளம் படைத்துத் தரவை அதன்கண் ஏற்றுதலே வழி. ஆதலின் முதற்கண்ணே இதனைத் தெளிக.

இரண்டாவது உரிமை வகுத்தல். 'கிரியேட்-யூசர்' என்னும் கட்டளையாற் பயனரைப் படைக்கலாம். அடைவைப் படித்தற்கு மட்டும் வருவார்க்கு அட்டவணைகளின்மேல் 'செலக்ட்' என்னும் உரிமையொன்றே வழங்குதல் தகும். திருத்தும் உரிமை எல்லார்க்கும் அளிப்பின், பாடம் எவரால் எப்போது மாறிற்று என்பதனை அறிதல் அரிதாம்.

மூன்றாவது படியெடுத்தல். 'பிஜி-டம்ப்' தளத்தை ஒரு கோப்பாகப் படியெடுக்கும். அவ்வேளையிற் பிறர் தளத்தைப் பயன்படுத்தினும், படியெடுக்கத் தொடங்கிய கணத்துநிலையே முரணின்றிப் பதிவாகும். ஆயினும் பயனர்களின் பெயரும் கடவுச்சொல்லும் அதன்கண் அடங்கா. அவற்றை 'பிஜி-டம்ப்-ஆல்' என்பதனை 'குளோபல்ஸ்-ஒன்லி' என்னும் தெரிவோடு இயக்கித் தனியே எடுத்தல் வேண்டும். இருபடிகளும் வேறொரு கணினியில் இருத்தல் நன்று. ஒரே வட்டில் வைத்த படி அவ்வட்டோடு அழியும்.

நான்காவது மீட்டல். பலரும் நெகிழவிடுவது இதுவே. படிக்கோப்பு இருக்கின்றது என்பதுகொண்டு அடைவு பிழைத்தது எனத் துணிதல் கூடாது. வேறொரு கணினியிற் பயனர்களை முதலில் மீட்டு, முற்கூறிய வரிசைமுறையோடு வெற்றுத் தளமொன்று படைத்து, 'கஸ்டம்' வடிவில் எடுத்த படியை அதன்கண் 'பிஜி-ரெஸ்டோர்' கொண்டு ஏற்றுக. பின்னர் இருதளத்தும் பதிவுகளின் எண்ணிக்கையை ஒப்பிடுக. சில சொற்களை எடுத்து அவற்றின் வரிசையையும் நோக்குக.

ஏடு பெயர்த்தெழுதுவார் மூலத்தோடு ஒப்புநோக்கிய பின்னரே படியை நம்பினர். பல்லாண்டு உழைப்பால் தொகுத்த அடைவுக்கும் அவ்வொப்புநோக்கே காப்பாகும்.