அப்பாவை உயிரோடு விடுங்கள்!

ஹாங்காங்கில் புதிதாக அறிமுகமாகிறவரிடம் பெயர் கேட்க வேண்டுமா? "குவாய் சிங்?" என்று கேட்க வேண்டும். 'தங்கள் மேன்மை தங்கிய குலப்பெயர் யாதோ?' என்பது அதன் நேர்ப்பொருள். ராஜதர்பார் வசனம் அல்ல. தினசரி வழங்கும் வார்த்தைதான். ஆனால் பதில் சொல்லும்போது அந்தக் 'குவாய்' நம் வாயில் வந்துவிடக் கூடாது! மேன்மை எல்லாம் எதிரே நிற்பவருக்கு. நமக்கு வெறும் குலப்பெயர்தான்.

காண்டனீஸ் பாஷை கற்கிறவருக்கு அதன் ஆறு தொனிகளே போதும் போதும் என்றாகிவிடும். அதற்கு மேல், பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. சாப்பிடுவதற்குப் பேச்சில் 'ஸிக்'. ஏட்டில் எழுதி வாசித்தால் 'ஹெக்'. 1974-ல் ஆங்கிலத்தோடு சீனமும் அங்கே ஆட்சிமொழியாயிற்று. ஆனால் வாய்க்கும் பேனாவுக்கும் உள்ள இந்த இடைவெளியைச் சட்டம் என்ன செய்ய முடியும்?

உண்மையான சங்கடம் உறவுச் சொற்களில் இருக்கிறது. அயலார் வீட்டு உறவு என்றால் 'லிங்' சேர்க்க வேண்டும். 'சிறப்பு வாய்ந்த' என்று பொருள். உங்கள் தந்தை, 'லிங் ஜுன்'. என் தந்தையோ 'கா ஃபூ'. அதாவது வீட்டுத் தந்தை. என் தம்பிக்கு அந்தக் 'கா' கிடையாது. அவன் இளையவனாயிற்றே! அவன் 'ஸே தய்', குடிசைத் தம்பி. சொந்தப் பிள்ளையின் கதி இன்னும் மோசம். பழைய மரியாதைப்படி அவன் 'ஹுன் ஜி', நாய்ப்பிள்ளை!

இத்தனைக்கும் அகராதியைப் புரட்டினால் 'தந்தை', 'தம்பி', 'மகன்' என்றுதான் போட்டிருக்கும். யார், யாருடைய தந்தையைச் சொல்கிறார் என்பதை அது சொல்லித் தராது. "கா ஃபூ சௌக்கியமா?" என்று நண்பரைக் கேட்டால், நம் தகப்பனாரின் சௌக்கியத்தை அவரிடம் விசாரித்ததாக ஆகும். அது சிரிப்போடு போய்விடும். 'ஸின் ஃபூ' அப்படிப் போகாது. பெரியவர்களை 'ஸின் ஸாங்' என்று அழைப்பதைக் கேட்டுப் பழகிய ஒருவர், 'ஸின்' என்பது மரியாதை போலும் என்று எண்ணித் தம் தந்தைக்கும் சூட்டினால் தீர்ந்தது! 'ஸின்' என்றால் முன்னே. 'ஸின் ஸாங்' முன்னே பிறந்தவர். 'ஸின் ஃபூ' முன்னே போய்விட்டவர். ஊரில் திடகாத்திரமாக இருக்கும் அப்பாவுக்காக எதிராளி துக்கம் விசாரிக்கத் தொடங்குவார்.

இப்போது சாதாரணப் பேச்சில் 'என் பாபா' என்றே சொல்லி விடுகிறார்கள். கடிதங்களிலும் சபைப் பேச்சிலும்தான் பழைய சொற்கள் தலைகாட்டுகின்றன. 'நாய்ப்பிள்ளை'யை யாராவது துணிந்து சொன்னால், அந்தப் பிள்ளையே சண்டைக்கு வந்தாலும் ஆச்சரியமில்லை!